மறக்கத் தெரியாதவள் வைத்த பாலாடை

உப்பு ஜாடி முழுவதையும் கஞ்சிப் பானைக்குள் கவிழ்த்த பிறகுதான், கவிழ்த்தது தன்னுடைய கை என்பது பிரவுனிக்கு உறைத்தது.

"ஏன்டா!" என்று அலமாரித் தட்டிலிருந்து மரக்கிண்ணம் கத்தியது. "என்னடா பண்ணித் தொலைச்சே?"

"நான் பண்ணலை. கை பண்ணுச்சு."

"கை யாரோடது? பக்கத்துப் பண்ணைக்காரனோடதா?"

பிரவுனி தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். குட்டையான, ரோமம் மண்டிய, பழுப்புக் கை. ஆண்டாண்டு காலமாக இந்த வீட்டுப் பானைகளைத் தேய்த்த கை. இப்போது ஒன்றும் தெரியாத மாதிரி விரல்களை மடக்கி விரித்துக்கொண்டிருந்தது.

பிரவுனி என்றதும் கேக் ஞாபகம் வந்தால் அதைத் துடைத்துவிடுங்கள். இது ஸ்காட்லாந்துச் சங்கதி. அங்கே மலைச்சரிவுப் பண்ணை வீடுகளில் ஒண்டிக்கொண்டு, வீட்டார் எழுவதற்குள் வேலையெல்லாம் முடித்துவைக்கிற குட்டை ஆளுக்குப் பேர் பிரவுனி. பேய் என்று சொல்ல முடியாது, பயமுறுத்தமாட்டான். வேலைக்காரன் என்றும் சொல்ல முடியாது, சம்பளம் வாங்கமாட்டான். பார்லிக் கதிர் அடிப்பான், வெண்ணெய் கடைவான், பாத்திரம் தேய்ப்பான். வெளிச்சம் வந்ததும் மாவுப் பெட்டிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்வான்.

"கைதானே முதல்ல கெடும்?" என்றது மூலையில் சாய்ந்திருந்த துடைப்பம். அது வீட்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. துடைப்பங்கள் ரொம்ப நாள் வாழ்வதில்லை, அதனால் எதையும் நேராகக் கேட்டுவிடும். "அப்புறம் எது கெடும் பெரியவரே?"

"வாயை மூடு," என்றது கிண்ணம்.

ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். பட்டினி கிடந்தால் பிரவுனிக்கு முதலில் கை கெடும். அடுத்து நாக்கு. கடைசியில் மனசு. அதுவும் கெட்டுவிட்டால் அவன் பிரவுனி இல்லை, பாகர்ட். அதே ஆள், அதே பலம், எல்லாம் தலைகீழ். பாலைத் திரிய வைப்பான், குதிரை வாலில் முடிச்சுப் போடுவான், தூங்குகிறவர்களின் போர்வையை உருவுவான். பாகர்ட் ஆனவன் திரும்பவும் பிரவுனி ஆனதாக எந்த வீட்டிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. பிரவுனி பெட்டிக்குப் பின்னால் பாய்ந்தான்.

பண்ணைக்காரன் ஆர்ச்சி ஒரு கரண்டிக் கஞ்சியை வாயில் போட்டான். அவன் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல ஆயிற்று.

"கிரிசல்! என்னைக் கடல்ல தள்ளிவிட்டிருக்கலாமே, அது இதைவிட உப்பு கம்மி!"

அவன் பெண்டாட்டி கிரிசல் பானையை எட்டிப் பார்த்தாள். "நான் ஒரு சிட்டிகைதான் போட்டேன். கிழக்கு ஜன்னலைச் சாத்தினேன், உப்பு போட்டேன், மூடியை இடப்பக்கமாத் திருப்பி வெச்சேன். எனக்கு ஞாபகம் இருக்கு."

இதுதான் பிரச்சினையே. கிரிசலுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். கல்யாணத்துக்கு வந்தவர்களில் யார் சேற்றுக் காலோடு உள்ளே நுழைந்தார்கள் என்பது வரை ஞாபகம் இருக்கும்.

அவள் வருவதற்கு முன்னால் இந்தச் சமையலறை பெஸ்ஸி என்கிற சமையல்காரியின் கையில் இருந்தது. பெஸ்ஸி மறதிக்காரி இல்லை, மறந்த மாதிரி நடிக்கிறவள். தினமும் சாயங்காலம் பாலில் படிந்த கெட்டி ஏட்டை வழித்து அந்த மரக்கிண்ணத்தில் ஊற்றி அடுப்பங்கரையில் வைப்பாள். அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறுவாள். பாதிப் படியில் நின்று, "அடடா, பாலாடையை எடுத்து வைக்க மறந்துட்டேனே! சரி, இப்ப யாரு இறங்குறது?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி புலம்புவாள். நடிப்பு படு மட்டம். ஆனாலும் அது போதுமானதாக இருந்தது.

ஏன் இந்தக் கூத்து என்றால், பிரவுனிக்குள்ளே ரோஷம் குடியிருந்தது. அவன் பிறந்த அன்றே வந்து சேர்ந்தது. நெஞ்சை நிமிர்த்தியே உட்காரும், தூங்கும்போதும்.

"கேட்டு வாங்கினால் அது பிச்சை," என்று ரோஷம் சொல்லிக்கொடுத்திருந்தது. "அவர்கள் கொடுத்து வாங்கினால் அது கூலி. எடுத்து வைத்ததைத் தொட்டால் அது திருட்டு. மறந்து விட்டுப்போனதைச் சாப்பிட்டால் மட்டும் அதற்கு ஒரு பேரும் கிடையாது."

போன வசந்தத்தில் பெஸ்ஸி, தலை நரைத்த பிறகு, பக்கத்து ஊர்ச் செருப்புத் தைக்கிறவர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு சிரித்துக்கொண்டே போய்விட்டாள். பாலாடை விஷயத்தைக் கிரிசலிடம் அவள் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது மறதி ஆகாதே.

கிரிசல் வந்தாள். முதல் நாள் சாயங்காலமே கிண்ணத்தைக் கழுவி, துடைத்து, தட்டில் கவிழ்த்தாள். மறுநாளும் கவிழ்த்தாள். அன்றிலிருந்து கவிழ்த்துக்கொண்டே இருக்கிறாள்.

பசி உள்ளே வந்தபோது கதவைத் தட்டவில்லை. நேராக மாவுப் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

"கொஞ்சம் தள்ளி உட்கார்," என்றது ரோஷம். "இங்கே முன்பே குடியிருப்பது நான்."

"நான் ரொம்ப நாள் இருக்கமாட்டேங்க. சாப்பாடு வந்தா போயிடுவேன்."

"சாப்பாடு வராது."

"அப்ப இருப்பேன்," என்றது பசி.

அவனுக்காக வீட்டுச் சாமான்கள் என்னவெல்லாமோ செய்து பார்த்தன. கிரிசல் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் நேரம் பார்த்துத் துடைப்பம் வாசலில் குறுக்கே விழுந்தது. அவள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி கிண்ணத்திடம் வந்தாள். அடுப்பு நெருப்பு தன் பங்குக்குப் பாலைப் பொங்க வைத்தது. அவள் பாலை இறக்கி, அடுப்பைத் துடைத்து, கையைத் துடைத்து, மறுபடி கிண்ணத்திடம் வந்தாள். கிண்ணமே ஒரு நாள் துணிந்து உருண்டு பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்தது. கிரிசல் முட்டி போட்டுக் குனிந்து இழுத்தாள்.

"உன்னை மறப்பேனா?" என்று சொல்லித் துடைத்துக் கவிழ்த்தாள்.

"இவ்வளவு பிரியமா என்னை யாரும் கொடுமைப்படுத்தினதில்லை," என்று முனகியது கிண்ணம். "டேய், பேசாம அவகிட்ட கேட்டுடேன்டா."

"கேட்டா பிச்சை," என்றான் பிரவுனி.

"பால் அறையில ஒரு கை எடுத்துத் தின்னுடு."

"அது திருட்டு."

"அப்ப செத்துத் தொலை."

"சாகமாட்டாரு, பாகர்ட் ஆயிடுவாரு," என்று திருத்தியது துடைப்பம். கிண்ணம் அதைப் பார்த்த பார்வையில் துடைப்பத்தின் நாலு ஈர்க்கு உதிர்ந்தது.

உப்புக் கஞ்சிக்கு அப்புறம் கை நிற்கவில்லை. கடைந்த வெண்ணெயில் தவிட்டை அள்ளிப் போட்டது. கிரிசல் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையைப் பிரித்துப் போட்டது. இரண்டு பசுக்களின் வாலை ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டியது. பசுக்கள் ஆளுக்கொரு திசையில் நடக்கப் பார்த்து, கொட்டகை முழுக்க ஒரே ஒப்பாரி. ஒவ்வொரு முறையும் பிரவுனி ஓடிப்போய் அவிழ்த்தான், பொறுக்கினான், துடைத்தான். பாதிதான் முடிந்தது. பிறகு தன் கைமேல் தானே உட்கார்ந்து அமுக்கிக்கொண்டான். அவனுக்கு அழுகை வந்தது. வேலை செய்யாத பிரவுனி என்றால்கூடப் பரவாயில்லை. வேலையைக் கெடுக்கிறவனாக இந்த வீட்டில் இருப்பது அவனுக்குத் தாங்கவில்லை.

"ஆர்ச்சி," என்றாள் கிரிசல் ஒரு நாள். "இந்த வீட்டுல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாரு இருக்கா?"

ஆர்ச்சி காதைச் சொறிந்தான். "சொன்னா சிரிப்பே."

"சொல்லு."

"எங்க தாத்தா காலத்துலேருந்து ஒரு பிரவுனி இருக்குன்னு சொல்வாங்க. வேலையெல்லாம் அதுதான் செய்யுமாம். நான் பார்த்ததில்லை. மாவுப் பெட்டிக்குப் பின்னாடிதான் படுத்துக்குமாம். பாலாடைன்னா உசுராம் அதுக்கு."

"அதுக்கு நீ தினமும் வெச்சியா?"

"நான் எதுக்கு வைக்கணும்? எல்லாம் பெஸ்ஸி பார்த்துக்கிட்டா."

கிரிசல் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் வந்ததுலேருந்து ஒருத்தன் பட்டினியா வேலை செஞ்சிருக்கான். நீ கஞ்சியில உப்பு ஜாஸ்தின்னு என்கிட்ட கத்துனே."

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. தன் வீட்டில் ஒருவன் பசியோடு கிடந்தான் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் மேலான பாலாடையாகப் பார்த்து வழித்தாள். கிண்ணத்தின் அடியில் வெள்ளைத் துணி விரித்தாள், பக்கத்தில் தேன் தடவிய ஓட்ஸ் ரொட்டி வைத்தாள். மாவுப் பெட்டியைப் பார்த்துக் கை கட்டி நின்றாள்.

"ஐயா," என்றாள். "நீங்க செஞ்ச உதவிக்கெல்லாம் ரொம்ப நன்றி. இது உங்களுக்குத்தான். கூச்சப்படாம சாப்பிடுங்க. இதை உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க."

அவள் மாடிக்குப் போனாள்.

"வந்திடுச்சு!" என்று பசி எழுந்து நின்றது. "அப்ப நான் கிளம்பட்டுமா?"

"உட்கார்," என்றது ரோஷம். "கேட்கவில்லையா? உதவிக்கு நன்றி என்றாள். அப்படியென்றால் இது கூலி. இதைத் தின்றுவிட்டால் நாளையிலிருந்து நீ இங்கே கூலியாள். கூலியாளுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடலாம்."

"அவ அந்த அர்த்தத்துல சொல்லலைடா," என்று கெஞ்சியது கிண்ணம். அதன் விளிம்பு வரை பாலாடை தளும்பியது. இத்தனை நாளுக்குப் பிறகு நிறைந்திருந்ததில் அதற்கும் ஒரு மயக்கம். "ஒரு வாய். எனக்காக."

பிரவுனி பக்கத்தில் வந்தான். மோந்து பார்த்தான். தொண்டைக்குள் எச்சில் இறங்கியது. அவள் சொன்னதை மறுபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஐயா. நீங்க. உங்க வீடு மாதிரி.

"மாதிரியா?" என்றான்.

அவன் அதையே யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்துக் கை நீண்டது. கிண்ணத்தைத் தூக்கியது. கதவோரம் இருந்த ஆர்ச்சியின் பூட்ஸுக்குள் முழுவதையும் ஊற்றியது. இடது பூட்ஸில் பாலாடை, வலது பூட்ஸில் ரொட்டி.

காலையில் ஆர்ச்சி போட்ட சத்தத்தில் கொட்டகைக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின.

"போதும்!" என்று ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டு கத்தினான். "மரியாதை குடுத்தா பூட்ஸ்ல ஊத்துது! நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பாதிரியாரைக் கையோட கூட்டிட்டு வரேன். மந்திரிச்சு மலைக்கு அந்தாண்ட விரட்டி விடட்டும்."

மாவுப் பெட்டிக்குப் பின்னால் பிரவுனி காதைப் பொத்திக்கொண்டான். பாதிரியார் புனித நீரைத் தெளித்துப் போகச் சொன்னால் போக வேண்டும். வேறு வழியில்லை. போகிற பிரவுனிக்கு மலைக்கு அந்தாண்டை ஒன்றும் கிடையாது. வெறும் காற்று. அங்கே போனவர்கள் பாகர்ட் ஆகிக் கற்களை உருட்டிக்கொண்டு திரிகிறார்கள்.

கிரிசலின் முகம் சிவந்திருந்தது. அவளும் நல்ல மனசோடு வைத்தவள்தானே, பூட்ஸில் பார்த்ததும் வலிக்காமல் இருக்குமா? தரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஆர்ச்சி. நான் இங்க வந்த புதுசுல எப்படிச் சாப்பிட்டேன்?"

"இப்ப எதுக்கு அது? கோழி மாதிரி கொறிச்சே."

"ஏன்னு தெரியுமா? நீ ஒவ்வொரு வேளையும் 'கூச்சப்படாம சாப்பிடு, இது உன் வீடு'ன்னு சொன்னே. சொல்லச் சொல்ல எனக்கு விருந்துக்கு வந்தவ மாதிரி கூச்சமா இருந்துது. தன் வீட்டுல இருக்கிறவங்ககிட்ட யாராச்சும் இது உன் வீடுன்னு சொல்வாங்களா?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

"நல்லதுக்குத்தான். அப்புறம் ஒரு நாள் 'ஜாமை எவ காலி பண்ணினா?'ன்னு இந்தக் கூரை அதிரக் கத்துனியே, ஞாபகம் இருக்கா?"

"இல்லை."

"எனக்கு இருக்கு. செவ்வாய்க்கிழமை. மழை பெஞ்சுக்கிட்டிருந்துது. நான்தான் அலமாரிக்குப் பின்னாடி நின்னு விரலால வழிச்சுத் தின்னேன். நீ கத்தினதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அப்பாடா, வந்து சேர்ந்துட்டோம்னு தோணுச்சு." அவள் பூட்ஸை உதறி நிறுத்தினாள். "இன்னிக்கு ஒரு சாயங்காலம் எனக்கு விடு. நாளைக்குக் காலையில ஏதாவது கெட்டிருந்தா நீயே போய்ப் பாதிரியாரைக் கூட்டிட்டு வா. நான் குறுக்க நிக்கமாட்டேன்."

சாயங்காலம் ஆயிற்று. கிரிசல் பாலாடை வழித்தாள். துணி விரிக்கவில்லை, தேன் தடவவில்லை. கிண்ணத்தைத் தட்டிலிருந்து வெடுக்கென்று எடுத்து, ஊற்றி, அடுப்பங்கரையில் பொத்தென்று வைத்தாள்.

"அம்மாடி, என் விளிம்பு!" என்றது கிண்ணம்.

கிரிசல் இடுப்பில் கை வைத்து நின்றாள். மாவுப் பெட்டியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"டேய்! பெட்டிக்குப் பின்னாடி இருக்கிறவனே! உன்னைத்தான். இது பாதிரியாருக்கு எடுத்து வெச்ச பாலாடை. இதுல கை வெச்சே, முதுகுத் தோலை உரிச்சு முரசுக்குக் கட்டிடுவேன். உன் நாக்கு நீளம் எனக்குத் தெரியும். நேத்துப் பூட்ஸ் நாசம், முந்தாநாள் என் காலுறை நாசம். நான் ஒருத்தி எத்தனையைத்தான் கழுவுறது? தொடாதே. தொட்டுத் தின்னு தொலைச்சேன்னா அந்தக் கிண்ணத்தையாவது ஒழுங்காக் கழுவிக் கவிழ்த்து வை. கேட்டுதா?"

திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போனாள்.

பெட்டிக்குப் பின்னாலிருந்து பிரவுனி, ரோஷம், பசி மூன்று பேரும் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"திட்டினா," என்றான் பிரவுனி மெதுவாக.

"ஆமாம்," என்றது ரோஷம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதன் முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. "உரிமையோடு திட்டினாள். இரு, யோசிக்கிறேன். கேட்டு வாங்கவில்லை. கொடுக்கவும் இல்லை. மறக்கவும் இல்லை. எடுத்து வைத்ததாகச் சொல்கிறாள், ஆனால் உள்ளே வைக்கவில்லை. தொடாதே என்று சொல்லிவிட்டு உன் மூக்குக்கு நேராக வைத்திருக்கிறாள். இதற்கு என்ன பேர்?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றது பசி. "ஆனா வாசனை நல்லா இருக்கு."

"பெரியவரே," என்றது துடைப்பம், "பேரு வெக்கிறதுக்குள்ள அதுல ஈ விழுந்துடப்போகுது."

ரோஷம் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து வழி விட்டது.

பிரவுனி கிண்ணத்துக்குள் முகத்தையே புதைத்தான். மூக்கு, தாடி, புருவமெல்லாம் பாலாடை. கடைசிச் சொட்டை விரலால் வழித்தான், விரலையும் சூப்பினான். பசி எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கதவிடுக்கு வழியாக நழுவிப் போயிற்று. வலது கை பிறகு தானாகவே போய், அவிழ்ந்து கிடந்த காலுறையை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பின்னத் தொடங்கியது.

விடிந்தபோது பார்லி அடித்துக் குவிந்திருந்தது. வெண்ணெய் திரண்டிருந்தது. பசுக்களின் வால் தனித்தனியாக ஆடியது. கஞ்சியில் உப்பு அளவாக இருந்தது. ஆர்ச்சியின் பூட்ஸில் முகம் பார்க்கலாம். வீட்டில் இருந்த பானை, சட்டி, கரண்டி அத்தனையும் தேய்த்துப் பளபளவென்று அடுக்கியிருந்தது.

கிரிசல் இறங்கி வந்து அடுப்பங்கரையைப் பார்த்தாள். நக்கிய தடத்தோடு, விளிம்பில் நாலு விரல் அடையாளத்தோடு, வைத்த இடத்திலேயே கிடந்தது கிண்ணம்.

அந்த ஒன்றை மட்டும்தான் அவள் கழுவி வைக்கச் சொல்லியிருந்தாள். அவன் கழுவவில்லை, வீட்டுப் பிள்ளை மாதிரி.